நிஜம் என்னும் நிகழ்ச்சி: ஓர் ஐயவாதியின் தேர்வு

1969 பிப்ரவரி 3ஆம் தேதி, நியூவார்க்கிலிருந்து மயாமிக்குச் சென்றுகொண்டிருந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடத்தப்பட்டு க்யூபாவுக்குத் திருப்பப்பட்டது. அக்காலத்தில் அமெரிக்க விமானங்கள் ஹவானாவுக்குக் கடத்தப்படுவது அடிக்கடி நிகழ்ந்த ஒன்று என்பதால், அதில் பெரிய வியப்பில்லை. பயணிகளுள் ஒருவர் ஆலன் ஃபண்ட் என்பதுதான் வியப்பு. சாமானிய மனிதர்களை விசித்திரமான சூழலில் சிக்கவைத்து, அவர்கள் திருதிருவென விழிப்பதை மறைந்திருந்து படம்பிடிக்கும் ‘கேண்டிட் கேமரா’ நிகழ்ச்சியால் அமெரிக்கா முழுவதும் அறியப்பட்டவர் அவர். அவரை அடையாளம் கண்டுகொண்ட சில பயணிகள், நடப்பது கடத்தலே அன்று, ஃபண்டின் இன்னொரு விளையாட்டு என்று முடிவுகட்டி நிம்மதியாக அமர்ந்துவிட்டார்களாம். இது நிஜம்தான் என்று எவ்வளவு மன்றாடியும் தம்மை அவர்கள் நம்பவில்லை என்று ஃபண்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ரியாலிடி ஷோ எனப்படும் தொலைக்காட்சி வகைமையின் வரலாற்றை எழுதப் புகுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைப்பது அரிது. நிஜத்தைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு பிறந்த ஒரு வடிவம், இருபதே ஆண்டுகளில், கண்முன் நிற்கும் நிஜத்தையே நம்ப முடியாதபடி செய்திருந்தது. அதற்குப் பின் கழிந்த அரை நூற்றாண்டில் அந்த வடிவம் உலகின் எல்லா வீட்டுக் கூடங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. தமிழ் வீடுகளும் விலக்கல்ல. 2017இல் விஜய் தொலைக்காட்சியில் ‘பிக் பாஸ்’ தொடங்கிய நாள்முதல், நாவலைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் பேசக் கூடும் நண்பர் குழாங்களிலும், அந்த வீட்டுக்குள் யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்ற பேச்சு தவிர்க்க முடியாததாகிவிட்டது.

இலக்கிய வாசகர்கள் இவ்வகை நிகழ்ச்சிகளை இரண்டு விதமாக எதிர்கொள்கிறார்கள். ஒன்று, முட்டாள்பெட்டி என்று சொல்லிப் புறங்கை வீசுவது. மற்றது, ஒளித்துப் பார்ப்பது. இரண்டும் ஒருவருக்குள்ளேயே இருப்பதும் உண்டு. நாம் இங்கே மேற்கொள்வது மூன்றாவது வழி. இந்த வகைமையை அடிப்படையில் ஐயுறுகிறோம். ஆயினும் அதன் வரலாற்றை வரிசையாகப் பார்த்து, இவற்றுள் எவை நம் மாலை நேரத்துக்குத் தகுந்தவை, எவை அல்ல என்று பிரிக்க ஓர் அளவுகோல் கிடைக்கிறதா என்று தேடுகிறோம்.

*

வேர்கள் இரண்டு. முதலாவது, மேலே சொன்ன ஃபண்டின் வேர். 1947இல் வானொலியில் ‘கேண்டிட் மைக்ரோஃபோன்’ என்று தொடங்கி, 1948இல் தொலைக்காட்சிக்கு வந்தது அவருடைய நிகழ்ச்சி. அதன் மிகப் பிரபலமான காட்சிகளுள் ஒன்று 1962இல் எடுக்கப்பட்டது. மின்தூக்கிக்குள் ஒருவர் நுழைகிறார். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். நுழைந்தவர் சற்றுத் தயங்குகிறார், கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார், மெல்ல மெல்லத் தாமும் திரும்பிப் பின்சுவரைப் பார்த்து நிற்கிறார். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் ஆய்வுக்கூடத்தில் நிறுவிய ஒன்றை, அதாவது தனிமனிதன் கூட்டத்துக்கு எவ்வளவு எளிதில் வளைந்துகொடுக்கிறான் என்பதை, ஃபண்ட் ஒரு நிமிட நகைச்சுவையாக ஆக்கிக் காட்டினார். கீழ்ப்படிதல் குறித்த சோதனைகளுக்காகப் பெயர்பெற்ற ஸ்டான்லி மில்கிராம், ‘கேண்டிட் கேமரா’வைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். இந்த வேர் ஆர்வத்தின் வேர். மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அறியும் ஆசை அது. கொஞ்சம் குரூரம் கலந்திருந்தாலும் அறிவின் பக்கம் சாய்ந்தது.

இரண்டாவது வேர் இரக்கத்தை விற்பது. 1945இல் அமெரிக்க வானொலியில் தொடங்கிப் பின்னர் தொலைக்காட்சிக்கு வந்து 1964வரை ஓடிய ‘குவீன் ஃபார் எ டே’ என்ற நிகழ்ச்சியில், ஏழைப் பெண்கள் சிலர் மேடையேறித் தத்தம் துயரைச் சொல்வார்கள். நோயுற்ற குழந்தை, வேலையிழந்த கணவன், பழுதான துவைக்கும் இயந்திரம். யாருடைய துயரத்துக்குக் கைதட்டல் அதிகம் என்பதை ஒரு கருவியின் முள் காட்டும். வென்றவருக்குக் கிரீடம், சிவப்பு வெல்வெட் அங்கி, விளம்பரதாரர்களின் பரிசுப்பொருட்கள். தோற்ற பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய துயரம் பொய்யல்ல, போதவில்லை, அவ்வளவுதான். இன்றைய பாட்டுப் போட்டிகளில், பாடவந்த சிறுவனின் குடிசையையும் அவன் தாயின் கண்ணீரையும் காட்டிவிட்டுப் பிறகு பாடச்சொல்கிறார்களே, அதன் கொள்ளுப்பாட்டி இந்த நிகழ்ச்சி.

பின்னால் வந்த ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டு வேர்களின் கலப்பு. ஐயவாதி கேட்கவேண்டிய முதல் கேள்வி, எந்த வேர் தூக்கலாக இருக்கிறது என்பதே.

*

1971ஆம் ஆண்டு மே மாத இறுதியில், கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா நகரில் வசித்த லௌட் குடும்பத்தின் வீட்டுக்குள் கிரெய்க் கில்பர்ட் என்ற தயாரிப்பாளரின் படப்பிடிப்புக் குழு நுழைந்தது. தந்தை பில், தாய் பேட், ஐந்து பிள்ளைகள். அந்த ஆண்டு இறுதிவரை அவர்கள் வாழ்வை ஏறக்குறைய 300 மணி நேரம் படமாக்கி, அதைப் பன்னிரண்டு பகுதிகளாகச் சுருக்கி, 1973இல் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் ‘ஆன் அமெரிக்கன் ஃபேமிலி’ என்று ஒளிபரப்பினார்கள். அந்த ஏழு மாதங்களுக்குள் அந்த மணவாழ்க்கை முறிந்தது. பேட் தம் கணவரிடம் மணவிலக்குக் கேட்பதை ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். மூத்த மகன் லான்ஸ் தம் தற்பால் விருப்பத்தை மறைக்காமல் வாழ்ந்தார். அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதற்கு முன்மாதிரி கிடையாது.

மானுடவியலாளர் மார்கரெட் மீட் இதை வரவேற்றார். நாடகமும் நாவலும் தோன்றியதற்கு ஒப்பான நிகழ்வு என்ற அளவுக்குப் போனார் அவர். எதிர்முகாமில் பலர் அந்தக் குடும்பத்தையே ஏசினார்கள். தாங்கள் திரித்துக் காட்டப்பட்டதாகவும், வாழ்வின் நல்ல நாட்கள் வெட்டி எறியப்பட்டதாகவும் குடும்பத்தார் முறையிட்டார்கள். 300 மணி நேரத்தைப் பன்னிரண்டாக்கும்போது வெட்டப்படுவதுதான் மிகுதி என்பதால், அந்த முறையீட்டில் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் போத்ரியார் எழுப்பிய கேள்வி இன்னும் அடிப்படையானது. அந்தக் குடும்பம் படமெடுக்கப்பட்டதாலேயே உடைந்ததா, எடுக்கப்படாவிட்டாலும் உடைந்திருக்குமா?

இதற்கு விடை கிடையாது. ஆனால் ஒரு பின்கதை உண்டு. 2001இல் இறந்துபோன லான்ஸ், தம் பெற்றோர் மீண்டும் ஒன்றாக வாழவேண்டும் என்ற விருப்பத்தைத் தெரிவித்திருந்தார். மறுமணம் செய்துகொள்ளாமலேயே அவ்விருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். 2018இல் பில்லும் 2021இல் பேட்டும் காலமானார்கள். தொலைக்காட்சி முடித்துவைத்த கதையை வாழ்க்கை அப்படியே விட்டுவிடவில்லை. பன்னிரண்டு பகுதிகளைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்மணியைத் தமக்குத் தெரியும் என்று எண்ணியவர்கள், அவருடைய வாழ்வின் ஒரு சிறு துண்டை மட்டுமே அறிந்திருந்தார்கள். ‘ஆன் அமெரிக்கன் ஃபேமிலி’ இன்றும் பார்க்கத் தகுந்தது என்பதே நம் கருத்து. அதில் போட்டி இல்லை, பரிசு இல்லை, வெளியேற்றம் இல்லை. இந்த வகைமையின் ஆதாரமான அறச்சிக்கல் எந்த ஒப்பனையும் இல்லாமல் அதில் கிடக்கிறது.

*

அதன்பின் நேர்ந்தது கலையின் கதையன்று, கணக்கின் கதை. 1988இல் அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுத்தாளர் இல்லாமல் நேரத்தை நிரப்புவது எப்படி என்ற கேள்வி அலைவரிசைகளை வாட்டியது. 1989 மார்ச்சில் ஃபாக்ஸ் அலைவரிசையில் வந்த ‘காப்ஸ்’ அதற்கு ஒரு விடை. போலீஸ் வண்டியில் ஒரு கேமரா ஏறிக்கொண்டது. வசனமும் இல்லை, நடிகரும் இல்லை, விவரணைக் குரலும் இல்லை. மலிவு. ஆனால் கேமரா எப்போதும் போலீஸ்காரரின் தோளுக்குப் பின்னாலேயே நின்றது. கைதானவரின் வாசலில் நின்று அது ஒருநாளும் பார்க்கவில்லை. யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைத் தீர்மானிக்க எழுதப்பட்ட திரைக்கதை தேவையில்லை என்று ‘காப்ஸ்’ காட்டியது. ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பின் 2020இல் அது நிறுத்தப்பட்டதும், அடுத்த ஆண்டே இணைய வழியில் உயிர்பெற்றதும் அதன் வரலாற்றுக்குப் பொருத்தமான முடிவுகள்தாம்.

1992இல் எம்டிவி ‘தி ரியல் வேர்ல்ட்’ தொடங்கியது. மேரி-எல்லிஸ் புனிம், ஜொனாதன் மர்ரே என்ற இருவரின் படைப்பு. ஒருவரையொருவர் அறியாத ஏழு இளைஞர்கள் ஒரே வீட்டில் வாழ்வார்கள். சச்சரவு தானே வரும். இன்றைக்கு நாம் வெறுக்கும் பலவற்றின் அச்சு இதுதான். ஆயினும் இதே அச்சில் 1994இல் ஓர் அரிய வார்ப்பு நிகழ்ந்தது. சான் பிரான்சிஸ்கோ வீட்டுக்கு வந்த ஏழு பேரில் ஒருவர் பெட்ரோ ஸமோரா. எட்டு வயதில் க்யூபாவிலிருந்து அகதியாக வந்தவர். பதினேழு வயதில் தமக்கு எச்ஐவி தொற்று இருப்பதை அறிந்து, பள்ளி பள்ளியாகச் சென்று விழிப்புணர்வு ஊட்டியவர். அந்த வீட்டுக்குள் புகழ் தேடி அவர் வரவில்லை. தாம் இறக்கப்போவது அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடங்களில் நூறு பேரிடம் சொன்னதை லட்சக்கணக்கானவர்களிடம் சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. எய்ட்ஸ் நோயாளியோடு ஒரே தட்டில் உண்ணலாமா என்று கூசிய ஒரு தலைமுறை, அவரோடு சேர்ந்து சமைப்பதையும் சிரிப்பதையும் வாராவாரம் பார்த்தது. அந்தப் பருவத்தின் கடைசிப் பகுதி ஒளிபரப்பான சில மணி நேரத்தில், 1994 நவம்பர் 11 அன்று, 22 வயதில் அவர் இறந்தார். அதிபர் கிளின்டன் அவரைப் பாராட்டிப் பேசியிருந்தார். அவரோடு அதே வீட்டில் வசித்த ஜட் வினிக் பின்னர் ‘பெட்ரோ அண்ட் மீ’ என்ற சித்திர நூலை எழுதினார்.

மோசமான ஒரு வடிவத்துக்குள்ளும் தன் நோக்கத்தோடு நுழையும் மனிதன் அதைத் தனக்கு ஊழியம் செய்ய வைத்துவிட முடியும் என்பதற்கு ஸமோரா சான்று. அவர் வந்த அந்த ஒரு பருவத்தைப் பாருங்கள். மற்றவற்றை விட்டுவிடலாம்.

*

அடுத்து வந்தது வெளியேற்றத்தின் காலம். சார்லி பார்சன்ஸ் என்ற ஆங்கிலேயரின் கருத்தைக் கொண்டு 1997இல் ஸ்வீடனில் ‘எக்ஸ்பெடிஷன் ராபின்சன்’ உருவானது. ஒரு தீவில் விடப்பட்டவர்கள் தங்களுக்குள் வாக்களித்து ஒவ்வொருவராக வெளியேற்ற வேண்டும். முதன்முதலில் வெளியேற்றப்பட்ட மனிதர், நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் முன்பே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த மரணத்துக்கு இதுதான் காரணம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இந்த வடிவத்தின் முதல் வாசலிலேயே ஒரு மரணம் நிகழ்ந்தும் யாரும் வாசலை மூடவில்லை என்பது பதிவு. 1999 செப்டம்பரில் நெதர்லாந்தில் ஜான் டி மோலின் ‘பிக் பிரதர்’ வந்தது. ஆர்வெல்லின் நாவலில் அச்சத்தின் சின்னமாக இருந்த பெயர் ஐம்பதே ஆண்டுகளில் கேளிக்கையின் பெயராயிற்று. 2000இல் அமெரிக்காவில் ‘சர்வைவர்’ வந்தது. அதன் முதல் பருவத்தின் இறுதிப் பகுதியை ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு விடை ஜப்பானில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. 1998 ஜனவரியில் நசுபி என்ற பட்டப்பெயர் கொண்ட இளம் நகைச்சுவை நடிகர் ஓர் அறைக்குள் விடப்பட்டார். நீண்ட முகத்தால் அமைந்த பெயர் அது. நசுபி என்றால் கத்தரிக்காய். அவரிடம் உடையில்லை, உணவில்லை. பத்திரிகைகளின் பரிசுப்போட்டிகளுக்கு அஞ்சலட்டை எழுதிப்போட்டு, கிடைக்கும் பரிசுகளைக் கொண்டு வாழவேண்டும். பத்து லட்சம் யென் மதிப்புக்குப் பரிசு சேர்ந்தால் விடுதலை. அவர் அரிசியை வென்றார், சமைக்கப் பாத்திரம் வெல்லவில்லை. நாய்க்கான உணவை உண்டு நாட்களைக் கழித்தார். தாம் வாரந்தோறும் ஒளிபரப்பாகிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. உள்ளே அவர் எழுதிய நாட்குறிப்பு வெளியே புத்தகமாகி விற்றது. இலக்கை எட்டியபின் கொரியாவுக்கு அழைத்துச்செல்லப்பட்டு மறுபடி அதே சோதனை. பதினைந்து மாதங்களுக்குப் பின் ஒருநாள் சுற்றிலும் சுவர்கள் சரிந்தன. எதிரே ஒரு கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. அந்த அறையின் கதவு பூட்டப்படவில்லை. சம்மதம் என்ற சொல்லை இந்தத் துறையினர் உச்சரிக்கும்போதெல்லாம் அந்தப் பூட்டப்படாத கதவை நினைத்துக்கொள்வது நல்லது. மூல நிகழ்ச்சியைத் தேடிப் பார்க்க வேண்டாம். 2023இல் வெளிவந்த ‘தி கன்டெஸ்டன்ட்’ என்ற ஆவணப்படம் அவரையே பேசவைத்திருக்கிறது, அதைப் பாருங்கள்.

2004இல் தொடங்கிய ‘தி அப்ரென்டிஸ்’ வேறு வகையில் கவனத்துக்குரியது. தோல்வியே அறியாத வணிகச் சக்கரவர்த்தியாக டொனால்ட் டிரம்ப் அதில் அமர்ந்திருந்தார். அதே 2004 நவம்பரில் அவருடைய சூதாட்ட விடுதி நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அவர் போட்டியாளர்களை வேலையிலிருந்து நீக்கிய ஆலோசனைக் கூடம் படப்பிடிப்புக்காகவே கட்டப்பட்ட அரங்கு. நிஜத்தைக் காட்டுவதாகச் சொன்ன நிகழ்ச்சி ஒரு கதாபாத்திரத்தைப் படைத்தது. அந்தக் கதாபாத்திரம் 2017இல் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தது. ஒரு தேர்தலுக்குக் காரணங்கள் ஆயிரம் இருக்கும். ஆனால் பொழுதுபோக்குதானே என்று தோளைக் குலுக்குபவர்கள் இந்த ஒரு வரலாற்றையாவது கணக்கில் கொள்ளவேண்டும்.

*

ஐயவாதியின் கணக்கு இவ்வளவு நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது ஜேட் கூடியின் கதை குறுக்கே வந்து நிற்கிறது.

லண்டனின் வறிய சூழலில் வளர்ந்த ஜேட் 2002இல் பிரிட்டிஷ் ‘பிக் பிரதர்’ வீட்டுக்கு வந்தபோது, அவருடைய அறியாமையை வைத்தே பத்திரிகைகள் பிழைப்பு நடத்தின. கேலியையே மூலதனமாக்கி அவர் பணக்காரரானார். 2007 ஜனவரியில் பிரபலங்களுக்கான பருவத்துக்கு மீண்டும் வந்தார். அங்கே ஷில்பா ஷெட்டியை அவரும் வேறு சிலரும் இழிவுபடுத்தியதை உலகம் பார்த்தது. ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காமுக்கு 44,000க்கும் மேற்பட்ட புகார்கள் சென்றன. பாட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். ஷெட்டி வென்றார், ஜேட் தேசத்தின் அவமானமாக அறிவிக்கப்பட்டார். அந்நிறவெறியை ஜேட் கண்டுபிடிக்கவில்லை. அதை ஒரு வீட்டில் அடைத்து, முறையாகச் சூடேற்றி, விளம்பர இடைவேளையோடு விற்றவர்கள் வேறு.

2008 ஆகஸ்டில், ஷில்பா ஷெட்டி தொகுத்து வழங்கிய ‘பிக் பாஸ்’ இரண்டாம் பருவத்தில் பங்கேற்க ஜேட் இந்தியா வந்தார். அந்த வீட்டுக்குள் இருக்கும்போதே, தமக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்ற செய்தி தொலைபேசி வழியே அவருக்குக் கிட்டியது. நாடு திரும்பியவர், தம் இரு மகன்களின் எதிர்காலத்துக்குப் பணம் சேர்க்கத் தம் இறுதி நாட்களையும் கேமராவுக்கு விற்றார். 2009 மார்ச் 22 அன்று, 27 வயதில் இறந்தார். பண்பாட்டுக் காவலர்கள் முகம் சுளித்த அந்த மாதங்களில், இங்கிலாந்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் கூடுதலாகச் சென்றார்கள் என்று மருத்துவ ஆய்வு பின்னர் கணித்தது.

இதை என்ன செய்வது? நிகழ்ச்சி நல்லது செய்தது என்று சொல்ல நமக்கு மனமில்லை. அது அவரை முதலில் கோமாளியாகவும், பிறகு கொடுமைக்காரியாகவும், கடைசியில் புனிதையாகவும் விற்றது. மூன்றிலும் லாபம் கண்டது. ஆனால் ஜேட், அந்த வியாபாரத்தின் விதிகளை நன்கறிந்த ஒரு பெண்ணாக, தன் சாவின் விலையைத் தானே நிர்ணயித்தார். ஸமோராவையும் ஜேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. வடிவம் எவ்வளவு இழிவானதாக இருந்தாலும் அதனுள் அகப்பட்ட மனிதர் இழிந்தவரல்லர். நம் ஐயம் வடிவத்தின்மீது இருக்கவேண்டும், மனிதர்மீது அன்று. பார்வையாளர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 2020 மே மாதம் ஜப்பானில், ‘டெரஸ் ஹவுஸ்’ நிகழ்ச்சியில் தோன்றிய மல்யுத்த வீராங்கனை ஹானா கிமுரா, இணைய வசைகளின் வெள்ளத்துக்கு நடுவே 22 வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வசைபாடியவர்களுள் தயாரிப்பு நிறுவனத்தைத் திட்டியவர் எத்தனை பேர் இருந்திருக்கப்போகிறார்கள்?

*

இப்போது பார்க்கத் தகுந்தவற்றுக்கு வருவோம். இதுவரை சொன்னவற்றிலிருந்து மூன்று கேள்விகள் திரள்கின்றன. அங்கே எதிராளி யார்: சக மனிதரா, வேறு ஏதாவதா? தோற்றவர் முழு மனிதராக வீடு திரும்ப முடிகிறதா? படமாக்கப்பட்டவருக்கு எதிர்த்துப் பேச இடமிருக்கிறதா?

பிரிட்டனில் 2010இல் தொடங்கிய ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ முதல் இரண்டு கேள்விகளில் தேறுகிறது. புல்வெளியில் ஒரு கூடாரம். மாவு, வெண்ணெய், அடுப்பு. எதிராளி மாவுதான். பக்கத்து மேசைக்காரரின் பிசகை இன்னொருவர் ஓடிவந்து தாங்கிப்பிடிக்கிறார். வெல்பவருக்குப் பணமில்லை, பூங்கொத்தும் கேக் வைக்கும் ஒரு கண்ணாடித் தட்டும்தான். 2015இல் வென்ற நதியா ஹுசைன், வங்கதேசப் பெற்றோருக்கு லூட்டனில் பிறந்தவர். வங்கதேசத்தில் நடந்த தம் திருமணத்தில் கேக் இருக்கவில்லை என்பதால், இறுதிப் போட்டியில் தமக்கான திருமணக் கேக்கைத் தாமே செய்து, சேலைத்துணியாலும் தம் நகைகளாலும் அலங்கரித்தார். ஒரு நாட்டில் யார் சொந்தக்காரர் என்ற விவாதத்துக்கு அந்தக் கேக் செய்த பங்களிப்பு பல தலையங்கங்களைவிடப் பெரிது. ஆயினும் இங்கும் கண்ணயர வேண்டாம். 2014இல் ஒருவருடைய ஐஸ்கிரீமை இன்னொருவர் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டதாகப் படத்தொகுப்பு காட்டியது. முதியவரான அந்தப் பெண்மணிமீது தேசமே பாய்ந்தது. அது வெளியே இருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று பின்னர் விளக்கப்பட்டது. கேக் செய்யும் கூடாரத்துக்குள்ளும் கத்தரிக்கோல் ஒரு வில்லியை உருவாக்கிவிடும்.

எதிராளியாகக் கடந்த காலத்தையே நிறுத்தியவை இரண்டு. 1999இல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய ‘தி 1900 ஹவுஸ்’, ஒரு குடும்பத்தை மூன்று மாதம் விக்டோரிய காலத்து வீடொன்றில் வாழவைத்தது. கரியடுப்பு, இறுக்கும் உள்ளாடை, துணி துவைப்பதற்கென்றே ஒரு முழு நாள். வேலைப்பளு தாங்காமல் அக்கால வழக்கப்படி ஒரு பணிப்பெண்ணை அமர்த்தும் தாய், இன்னொரு பெண்ணைத் தமக்காக உழைக்க வைப்பதன் கூச்சத்தில் நெளிகிறார். ‘அந்தக் காலத்தில்’ என்று பெருமூச்சு விடுபவர்கள் எல்லோரும் பார்க்கவேண்டிய காட்சி. 2002இல் அமெரிக்காவில் வந்த ‘ஃப்ரான்டியர் ஹவுஸ்’ மூன்று குடும்பங்களை 1883ஆம் ஆண்டு மொன்டானாவுக்கு அனுப்பியது. ஐந்து மாத முடிவில் வல்லுநர்கள் வந்து விறகையும் வைக்கோலையும் எண்ணி, வரும் குளிர்காலத்தை இவர்கள் தாண்டுவார்களா என்று மதிப்பிடுகிறார்கள். வரலாற்று நாவல் வாசிப்பவருக்கு இதைவிட நல்ல துணைப்பாடம் அமையாது.

2015இல் தொடங்கிய ‘அலோன்’ படப்பிடிப்புக் குழுவையே நீக்கிவிட்டது. முதல் பருவத்தில் பத்துப் பேர் வான்கூவர் தீவின் வடபகுதியில் தனித்தனியே விடப்பட்டார்கள்; ஆளுக்குப் பத்துப் பொருட்கள், தம்மைத் தாமே படமெடுக்கக் கேமராக்கள். கடைசிவரை தாங்குபவருக்கு ஐந்து லட்சம் டாலர். மற்றவர்கள் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் சொல்லப்படாது. வென்றவர் 56 நாட்கள் இருந்தார். கரடிக்கு அஞ்சி முதல் நாளிலேயே திரும்பியவர் உண்டு; ஆனால் நாட்கள் செல்லச்செல்லப் பலரையும் வீழ்த்துவது பசியைவிடத் தனிமை. மீனும் விறகும் கிடைத்தபின்னும், மனைவியின் பெயரைச் சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்து விலகிக்கொள்ளும் ஆண்களை இதில் பார்க்கிறோம். வெளியேற்றுபவர் இல்லை, விலகல் மட்டும்தான்.

மூன்று கேள்விகளிலும் தேறுவது என்று நாம் கருதுவது ஒன்றே ஒன்று. இந்தச் சொல்லே பிறப்பதற்கு முன், 1964இல், கிரானடா தொலைக்காட்சி ‘செவன் அப்!’ என்ற நிகழ்ச்சியை எடுத்தது. பல்வேறு வர்க்கங்களைச் சேர்ந்த ஏழு வயதுக் குழந்தைகள் பதினான்கு பேர். இயக்கியவர் பால் ஆல்மண்ட். குழந்தைகளைத் தேடிக்கொடுத்த இளம் ஆய்வாளர் மைக்கேல் ஆப்டெட். பின்னர் ஆப்டெட்டே பொறுப்பேற்று, ஏழாண்டுக்கு ஒருமுறை அவர்களைத் தேடிச்சென்று 2019இன் ‘63 அப்’ வரை படமெடுத்தார். 2021 ஜனவரியில் காலமானார். பிரிட்டனில் பிறப்பே விதி என்று காட்டத் தொடங்கிய தொடர் அது. சிலரிடம் அது மெய்யாயிற்று. ஆனால் யார்க்ஷையர் பண்ணைச் சிறுவன் நிக் அமெரிக்காவில் பேராசிரியரானார். துள்ளித் திரிந்த நீல் 28 வயதில் வீடற்று ஸ்காட்லாந்தில் அலைந்தார். 42இல் உள்ளாட்சி மன்ற உறுப்பினராகத் திரும்பி வந்தார். கிழக்கு லண்டன் சிறுவன் டோனி குற்றவாளியாகிவிடுவான் என்று நினைத்து, அதற்கேற்ற இடங்களில் வைத்து அவரை 21 வயதில் படமெடுத்தார் ஆப்டெட். டோனி டாக்சி ஓட்டிக் குடும்பத்தை நடத்தினார். தம் கணிப்புப் பொய்த்ததை இயக்குநர் வெளிப்படையாகவே சொன்னார். பதினான்கில் பெண்கள் நான்கே பேர் என்ற குறையும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ‘49 அப்’பில் ஜாக்கி கேமராவுக்கு முன்னாலேயே ஆப்டெட்டின் கேள்விகளைக் கண்டிக்கிறார், அது வெட்டப்படவில்லை. பீட்டர் 28க்குப் பின் விலகிப்போனார்; 56 வயதில் தம் இசைக்குழுவுக்கு விளம்பரம் வேண்டும் என்று சிரித்தபடியே திரும்பி வந்தார்.

ஏழு வயதுக் குழந்தை சம்மதம் தர முடியாது என்று ஐயவாதி இங்கும் குறுக்கிடலாம். சரிதான். ஆனால் வளர்ந்தபின் ஒவ்வொரு முறையும் அவர்களிடம் மறுபடி கேட்கப்பட்டது, சிலர் மறுத்தார்கள், மறுத்தவர்களின் இடம் காலியாகவே விடப்பட்டது. தொகுப்பாளரின் கத்தரிக்கோலால் செய்ய முடியாத ஒன்றைக் காலம் இங்கே செய்கிறது. எந்த ஒரு பகுதியில் உருவாகும் தீர்ப்பையும் ஏழாண்டு கழித்து வரும் அடுத்த பகுதி ரத்து செய்துவிடுகிறது.

இந்த வகைமை மறையப்போவதில்லை. 2021 ஏப்ரல் முதல் பங்கேற்பாளர் நலனைக் காக்கும் விதிகளை பிரிட்டனில் ஆஃப்காம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மற்ற நாடுகளிலும் விதிகள் வரலாம், வராமலும் போகலாம். அதுவரை பார்வையாளரின் கையில் இருப்பது எதற்கு நேரம் தருவது என்ற தேர்வு மட்டுமே. ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்பவர்கள் ‘செவன் அப்!’ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் பார்த்து முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே சில நாட்களாவது விடுங்கள். அவர்களைப் பற்றி நீங்கள் முடிவுகட்டியது என்ன என்பதை ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டு அடுத்ததைப் போடுங்கள்.